வேலியில் பழுத்த நாட்கள்

சென்னியப்பன் வாய்க்காலில் செத்து நாலாவது வருஷம், ஆடி பதினெட்டு கழிந்த இரண்டாம் நாளிலிருந்து, எங்கள் ஊர் வண்டித்தடத்து வேலியில் களாப்பழத்துக்குள் ஆட்களின் நாட்கள் பழுக்கத் தொடங்கின. அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது, சோளத்தட்டு முழங்காலுக்கு மேல் வளரவில்லை, மாடுகளுக்கு வேறு வாய்க்காணை வந்து வீட்டுக்கு வீடு மஞ்சளும் வேப்பிலையுமாகத் திரிந்துகொண்டிருந்தோம், ஆகவே இதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள ஊரில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. வருகிறது வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

முள்ளிவலசைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றிக் கொறங்காடு. அதாவது உழாமல், விதைக்காமல், ஆடுமாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த புல்காடு. ஒவ்வொரு காட்டையும் சுற்றி உயிர்வேலி உண்டு. கிளுவைக் குச்சியை நட்டு, அது துளிர்த்து, அதற்குள் சூரையும் சங்கஞ்செடியும் களாவும் தாமாக வந்து பின்னிக்கொண்டு, கீரிப்பிள்ளைகூட யோசித்துத்தான் நுழையும். வேலிக்கு உள்ளே விளைவது காட்டுக்காரனுக்கு, வேலியில் விளைவது தடத்தில் போகிறவனுக்கு என்பது எங்கள் ஊர் வழக்கம். எவ்வளவு பெரிய பண்ணையக்காரராக இருந்தாலும் தன் வேலிப் பழத்தைப் பறிக்கிறவளைப் பார்த்து ஏன் என்று கேட்க மாட்டார். கேட்டால் அவர் வீட்டுக் கல்யாணத்தில் சமையலுக்கு ஆள் வராது.

களாவை அடையாளம் காண்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகிய உடனே வருகிற வித்தை. முள் இரட்டை இரட்டையாக இருக்க வேண்டும். காம்பைக் கிள்ளினால் பால் வர வேண்டும். காயாக இருக்கும்போது வெள்ளையில் சிவப்பு ஓடி, பழுத்தால் கறுப்புக்கு ஒரு பிடி முன்னால் நிற்கிற ஊதாவாக வேண்டும். பக்கத்திலேயே சொத்தைக்களாவும் நிற்கும். அதன் முள் ஒற்றை, காம்பில் பால் கிடையாது. அதைத் தின்றாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் களா என்று நினைத்துச் சொத்தைக்களாவைப் பறித்து வந்தவனை அவன் பேரன் காலம் வரைக்கும் கிண்டல் செய்வோம்.

முதலில் தின்றது டீக்கடை ஆறுச்சாமி. காலையில் பால் வாங்க சொசைட்டிக்கு வருகிற வழியில் இரண்டு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு வந்தவர், பால் கேனைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் அந்தச் சொசைட்டியில் பால் சோதிக்கிறவன். எதைப் பார்த்தாலும் இதில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பது என் தொழில் புத்தி, ஆகவே மனிதர் ராத்திரிச் சரக்கு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து நாக்கில் ஊதா வெளுத்ததும் எழுந்து, தலைவர் பொங்கியண்ணனின் சம்சாரமாக ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையை முழுசாக இருந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். விடியக் கோழி கூவுவதிலிருந்து விளக்கணைப்பது வரை ஒன்று விடவில்லையாம்.

"ஏனுங், ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு இத்தன தடவ எந்திரிச்சு எந்திரிச்சு உக்கோர வேண்டியிருக்குதுங்களா? எனக்கு முட்டி ரெண்டும் வலிக்குதுங்."

"இன்னிக்கு எத்தன லிட்டருங்க?" என்று கேட்டு நான் பாலை அளந்து ஊற்றினேன்.

எப்படி இது நடக்கிறது என்று ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள். கன்னிமார் கோபம் என்றார் பூசாரி. புதிதாக வந்த உரம் என்றார் பள்ளிக்கூடத்து வாத்தியார், வேலிக்கு எவன் உரம் போட்டான் என்று கேட்டதும் பேச்சை மாற்றிக்கொண்டார். கடைசியில் ஊர் ஒத்துக்கொண்டது ஒன்றைத்தான். வேலி முள் குத்தி யாருக்கு ஒரு பொட்டு ரத்தம் வருகிறதோ, அவருடைய அந்த நாள் வேருக்குப் போய்விடுகிறது. போன நாள் அடுத்த வருஷமும் பழுக்கலாம், இருபது வருஷம் கழித்தும் பழுக்கலாம். முள் குத்தாத நாள் வேலிக்குத் தெரியாது. இவ்வளவு தெரிந்ததும் போதும் என்று எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வேலையைப் பார்த்தார்கள் என்று சொன்னேனே தவிர, முதல் பத்து நாள் ஊர் நாறிப்போயிற்று. மாமியார் நாளை மருமகள் தின்றாள், மருமகள் நாளை மாமியார் தின்றாள், பங்காளி நாளைப் பங்காளி தின்றான். யார் யாரை மனசுக்குள் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் தெருவுக்கு வந்தது. மூன்று வீட்டில் அடுப்பு தனியாயிற்று, ஒரு நிச்சயதார்த்தம் நின்றது. பதினோராம் நாள் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தன் சம்சாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று எதற்கு அழுதாள் என்று ஆறுச்சாமிக்குத் தெரியும், தனக்குத் தெரியாது என்ற சங்கடத்தோடு உட்கார்ந்திருந்த பொங்கியண்ணன்தான் எழுந்து பேசினார்.

"பழத்துல பாத்தது பல்லுக்குள்ள. வெளிய ஒரு சொல் வந்துச்சுன்னா அவனுக்கு நோம்பிப் பொங்கல் கெடையாது, அவன் ஊட்டு நல்லது கெட்டதுக்கு ஊரு வராது. ஒத்துக்கறீங்களா?"

எல்லாரும் ஒத்துக்கொண்டோம். தன் நாளும் எங்கேயோ ஒரு முள்ளில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த மனிதன் எந்தச் சட்டத்துக்கும் ஒத்துக்கொள்வான்.

அதற்குப் பிறகு ஊர் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. எதையும் பழக்கத்துக்குக் கொண்டுவருவதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை. பொண்ணு பார்க்கப் போகிறவர்கள் பூ பழத்தோடு மாப்பிள்ளையின் களாப்பழம் ஒன்றையும் தட்டில் வைத்தார்கள், நல்ல நாளாகப் பார்த்துப் பொறுக்கித்தான் வைத்தார்கள் என்பது வேறு. மேற்காலத் தோட்டத்துக்காரர் தன் சம்சாரத்தின் சாதாரண ஒரு நாளைத் தின்றுவிட்டு நாலாம் நாள் பஸ் ஏறிப் போய் மிக்சி வாங்கிவந்தார். ஏன் என்று அந்தம்மாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருவன் தன்னுடைய பழைய நாள் ஒன்றையே தேடிப் பிடித்துத் தின்றான். இருபத்திரண்டு வயசில் தான் எப்படி இருந்தோம் என்று பார்க்க ஆசை. அன்றைக்குப் பூராவும் தனக்குப் பசிதான் இருந்தது என்று கண்டுபிடித்து மனசு விட்டுப்போனான். தாசில்தார் ஆபீசில் சாட்சிக்குப் பழத்தைக் கொண்டுபோன ஒருத்தரை, இது எந்தப் படிவத்திலும் வராது என்று திருப்பி அனுப்பினார்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் அது வெறும் களாப்பழம், புளிக்கும், அவ்வளவுதான். கேள்விப்பட்டு டவுனிலிருந்து கார் போட்டு வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் பல் கூசியதுதான் மிச்சம்.

ஆனால் பழத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது யாருடைய நாள் என்று சொல்ல ஊரில் ஒரே ஒருத்தியால்தான் முடிந்தது. அவள் நாச்சம்மாள், சென்னியப்பனின் சம்சாரம்.

நாச்சம்மாளுக்கு அப்போது நாற்பது வயசு இருக்கும். காடு கிடையாது, இரண்டு எருமையும் பத்து ஆடும் உண்டு. ஆடியில் களாக்காயும் சித்திரையில் மாவடுவும் ஊறுகாய் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவாள். வேலியையே பார்த்து வளர்ந்த கண் அது. ஒரே வீட்டு ரத்தம் என்றால் பழத்தின் காம்புக்குழி ஒரே மாதிரி இருக்கும் என்பதை முதலில் கண்டது அவள்தான். பொங்கியண்ணன் வகையறா பழத்துக்குக் காம்புக்குழி ஆழம், ஆறுச்சாமி வகையறாவுக்குக் குழியே கிடையாது. வெயில் நாள் என்றால் தோல் தடிப்பு, மழை நாள் என்றால் விரலில் எடுத்தாலே நசுங்கும். அழுத நாள் கனக்கும், தண்ணீரில் போட்டால் அடியில் போய் உட்காரும். சாவு விழுந்த நாள் அடியில் உட்கார்ந்து மல்லாந்து கிடக்கும். ஜனங்கள் கூடையோடு அவள் வாசலுக்கு வருவார்கள். அவள் முறத்தில் கொட்டி, இது உங்க ஐயனுது, இது உங்க சின்னம்மாளுது, இதைத் திங்காதே சாமி, தின்னா தாங்கமாட்டே என்று பிரித்துக் கொடுப்பாள். வேண்டாத நாட்களை என்ன செய்வது என்பதும் அவள் சொன்னதுதான். உப்பில் ஊறப்போட்டால் நாளின் கூர் மழுங்கிவிடும், வலித்தது வலித்ததாகத் தெரியாமல் யாரோ சொன்ன கதை மாதிரி ஆகிவிடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் சேர்த்துவிட்டால் பெரிய சண்டைகூடத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். வெயிலில் காயப்போட்ட வற்றலில் ஐந்து நிமிஷம்தான் நிற்கும். கைக்குழந்தைக்காரிகளுக்கு அதுதான் தோது.

ஊருக்கு இவ்வளவும் செய்தவள் வீட்டுக்குள் ஊர் வராது. வாசலோடு சரி. கல்யாணம் பேசி முடித்து இரண்டு வீட்டாரும் உப்பு மாற்றும்போது அவளைக் கூப்பிட மாட்டார்கள், தாலியறுத்தவள் என்பதற்காக மட்டும் அல்ல. சென்னியப்பன் வாய்க்காலில் விழுந்து சாகவில்லை, பெண்டாட்டி பேசின பேச்சுத் தாங்காமல் குதித்துச் செத்தான் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். சித்திரை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவன் ஈரக் கரண்டியை ஊறுகாய் ஜாடியில் விட்டு, மூடியையும் சரியாகப் போடாமல் வைத்ததில் ஒரு ஜாடி மாவடு பூசணம் பிடித்துப்போயிருந்ததை அவள் கண்டாள். ஆறு படி வடு. "இனி என்ற கண்ணுல முளிக்காத, எங்கியோ போய்த் தொலை" என்று அவள் கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டது. அவன் ஆட்டைப் பத்திக்கொண்டு போனான். பொழுது சாய வாய்க்காலில் மிதந்தான். கரையில் அவன் செருப்பு ரெண்டும் ஜோடியாக, பக்கத்தில் பக்கத்தில், கழற்றி வைத்தபடி இருந்தது. வழுக்கி விழுகிறவன் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டா விழுவான் என்று ஊர் கேட்டது.

அதை ஊருக்கு முதலில் எடுத்துக் கொடுத்தவள் மயிலாத்தாள், சென்னியப்பனின் ஒரே தங்கச்சி, உள்ளூரிலேயே கிழக்குத் தெருவில் வாக்கப்பட்டவள். வாய்க்கால் கரையில் அண்ணன் தலைமாட்டில் நின்றுகொண்டு, "என்ற அண்ணன வாயிலயே கொன்னுட்டா" என்று அவள் நெஞ்சில் அறைந்துகொண்டு கத்தியதை நானே கேட்டேன். அன்றைக்கு நிறுத்தினதுதான், நாலு வருஷமாக நாத்தனார் வாசலை நாச்சம்மாளும் மிதிக்கவில்லை, நாச்சம்மாள் வாசலை மயிலாத்தாளும் மிதிக்கவில்லை. எதிரில் பார்த்தால் ஒருத்தி வேலிப்பக்கம் திரும்பிக்கொள்வாள், ஒருத்தி காட்டுப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆக, வேலியில் நாள் பழுக்கிறது என்றதும் ஊரெல்லாம் வேடிக்கையாகப் பறித்தபோது நாச்சம்மாள் ஒரே ஒரு பழத்தைத் தேடினாள். அவர் குதித்தாரா, விழுந்தாரா? அவளுக்கு வேறொன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

முதல் வருஷத்தில் அவனுடைய பழம் மூன்று கிடைத்தது. அவன் வகையறாப் பழத்தின் காம்புக்குழி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், பார்த்தால் தப்பே வராது. மூன்றும் அன்றாட நாட்கள். ஒன்றில் அவன் காலையிலிருந்து மாலை வரை ஒரு கொழுக்கட்டைப்புல்லை மென்றுகொண்டு ஆட்டுக்குப் பின்னால் நடந்தான், ஒரு மேகம் சென்னிமலைப் பக்கம் போகுமா இந்தப் பக்கம் வருமா என்பதைத் தவிர எதையும் நினைக்கவில்லை. இன்னொன்றில் அவளுக்குக் காய்ச்சல், அவன் ரசம் வைத்தான், புளியைக் கரைக்கத் தெரியாமல் அப்படியே போட்டான். அவள் அதைக் குடித்து நல்லா இருக்குது என்று சொன்ன நிமிஷத்தில் அவனுக்குள் எவ்வளவு பெருமை பொங்கியது என்பதை, அவனாக இருந்து, அவள் இப்போதுதான் பார்த்தாள். அந்த நாளைத் தின்றுவிட்டு அவள் இரண்டு நாள் சந்தைக்குப் போகவில்லை.

இரண்டாம் வருஷம் ஆவணியில் அந்தப் பழம் கிடைத்தது. தடம் வாய்க்காலுக்குத் திரும்புகிற இடத்தில், வேலியின் அடியில், இலைக்குள் ஒற்றையாக. தோல் சித்திரை வெயில் தடிப்பு. காம்புக்குழி சாய்ந்திருந்தது. பறிக்கும்போது முள் அவள் மணிக்கட்டைக் கீறிவிட்டது. வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீரில் போட்டாள், அடியில் போய் மல்லாந்தது.

ஒரு வாரம் அதை உறியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் பால் ஊற்ற வந்தபோது என்னிடம் சொன்னாள்.

"அவரோட அந்த நாளு கெடச்சிருச்சுங்ணா."

"நெசமாவா? நல்லாப் பாத்தியா?"

"எனக்கே சொல்றீங்களா?" என்றாள். அதுவும் சரிதான், அவளுக்குப் போய்ப் பழம் பார்க்கச் சொல்லித் தருகிறேன்.

"தின்னு போட்டுத் தெரிஞ்சு என்ன பண்ணப் போற நாச்சம்மா? குதிச்சாருன்னு இருந்தா அப்பறம் நீ எப்பிடி நடமாடுவ?"

"இப்ப மட்டும் நடமாடறனாக்கும்?" அவள் பால் கேனைக் கழுவிக் கவிழ்த்தாள். "தெனமும் ராத்திரி படுத்தா ஒருக்கா குதிக்கறாருங்ணா, ஒருக்கா உளுகறாரு. ஏதோ ஒண்ணப் பண்ணிட்டு நிக்கட்டும்."

"அப்பிடின்னா உப்புல போட்டு வெச்சு மெதுவாத் தின்னு. கூர் கொறையும்னு நீதான ஊருக்கெல்லாஞ் சொல்ற?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என்ற புருசன் சாவ நான் ஊறுகா போட்டாங்ணா திங்கறது?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் போன பிறகு இரண்டு பேர் பாலைச் சோதிக்காமலே வாங்கி ஊற்றிவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மறு வருஷம் அந்த வேலியில் ஒரு பழத்தை நான் தின்றேன். யாருடையது என்று தெரியாமல்தான் தின்றேன். அது நாச்சம்மாளின் நாள். மணிக்கட்டில் முள் கீறிய நாள் இல்லை, அதற்கு எட்டு நாள் பின்னால், அவள் அவசரமாக அந்தத் தடத்தில் நடந்தபோது தோளில் முள் இழுத்த நாள். ஊர்ச் சட்டத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன். சென்னியப்பன் பேரில் ஊர் இன்னமும் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைத் திருத்த வேண்டியவர்கள் இரண்டு பேரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பொங்கல் இல்லாவிட்டால் போகிறது, சர்க்கரை வியாதிதானே.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அவள் எருமையை அவிழ்த்துக் கட்டிவிட்டு, நடுவீட்டில் அமர்ந்து, கதவை ஒருக்களித்து, பழத்தை வாயில் போட்டாள். ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு கத்துகிற தன் முகத்தை முதலில் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த முகம் வரவில்லை. கண்ணை விழித்ததும் தெரிந்தது கூரை ஓடு இல்லை, ஆஸ்பெஸ்டாஸ். கையில் ரப்பர் வளையல். இடுப்பில் ஒரு குழந்தை ஏறிக்கொண்டு பால் கேட்டது.

ஊர்ப் பழத்தையெல்லாம் கண்ணாலேயே பிரித்துக் கொடுத்தவள் தன் பழத்தில் தப்பிவிட்டாள். அண்ணனும் தங்கச்சியும் ஒரே ரத்தம், ஒரே சாய்ந்த காம்புக்குழி, ஒரே வெயில், ஒரே சாவு. இரண்டு வருஷமாக வேலியில் ஒரே ஒருத்தரைத் தேடினவளுக்கு இன்னொருத்தி அங்கே இருக்கக்கூடும் என்பது தோன்றவே இல்லை. அவள் தின்றது மயிலாத்தாளின் நாளை.

தின்றதைத் துப்ப முடியாது. அவள் மயிலாத்தாளாக மாவு கரைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், குழந்தையின் காதுப் புண்ணுக்கு எண்ணெய் தடவினாள். தடவும்போதெல்லாம் அவளுக்கு அண்ணன்மேல் கோபம் ஏறியது. இருபது நாளைக்கு முன்னால் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சென்னியப்பன் சந்தைக்குப் போன இடத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு முக்கால் மணி நேரம் பிந்தி வந்தான், நல்ல நேரம் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தி யாரோ ஒரு தூரத்துப் பங்காளி மடியில் குழந்தையை வைத்துக் குத்திவிட்டார்கள். அண்ணன் இருந்தும் இல்லாதவளாட்டம் ஆச்சு என்று மாமியார் சொன்ன சொல் அவள் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாக நின்றது.

உச்சிப்பொழுதில் வாசல் படலுக்கு வெளியே அண்ணன் வந்து நின்றான். ஆட்டை வேப்பமரத்து நிழலில் விட்டுவிட்டு வந்திருந்தான். துண்டு தலையில், உதடு வெடித்திருந்தது.

"அம்மிணி, சித்தெ தண்ணி குடு" என்றான்.

கதவுக்குப் பின்னால் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. மயிலாத்தாள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வாய்க்கால்ல இன்னிக்கு மொறத்தண்ணி நெறையத்தான் ஓடுது. அங்க போய்க் குடி."

அவன் சிரித்தான். நாச்சம்மாளுக்கு அந்தச் சிரிப்புத் தெரியும், தப்பு தன்பேரில் இருக்கும்போது அவன் சிரிக்கிற சிரிப்பு. "சரி அம்மிணி, உன்ற கோவம் தணியட்டும், பொளுதோட வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் நாலு எட்டு வைத்ததும் அவள் சொம்பை முக்கி எடுத்துக்கொண்டு படலுக்கு ஓடினாள். தடத்து முடக்கில் அவன் முதுகு தெரிந்தது. அண்ணா என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பியிருப்பான். அவள் குரல் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள், சொம்புத் தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

பொழுதோடு சேதி சொல்ல ஆள் வந்தது. தடத்து வழியே வாய்க்காலுக்கு ஓடும்போது வேலி முள் அவள் கையைக் கிழித்தது, அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. கரையில் ஜோடியாக வைத்திருந்த செருப்பைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. செருப்புக் காலோடு அண்ணன் ஓடுகிற தண்ணீரை மிதிக்க மாட்டான், குனிந்து குடிக்க இறங்கியிருக்கிறான், பாசி வழுக்கியிருக்கிறது, நான் அனுப்பிய தண்ணீர். அந்த நேரத்தில் கூட்டத்தில் யாரோ, காலையில ஊட்டுல பெரிய சண்டையாமா என்று சொன்னார்கள். வெள்ளத்தில் போகிறவள் கட்டையைப் பிடிப்பதுபோல அந்தச் சொல்லை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்ற அண்ணன வாயிலயே கொன்னுட்டா என்று கத்தினாள். அது யாரைச் சொன்னது என்று கத்திய அவளுக்கு மட்டும்தான் தெரியும், இப்போது நாச்சம்மாளுக்கும் தெரிந்தது.

நாள் முடிந்தது. நாச்சம்மாள் நடுவீட்டில் எழுந்து உட்கார்ந்தாள். நாக்கில் ஊதா இன்னும் ஈரமாகவே இருந்தது. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் வெளுப்பது அன்றைக்கு நிற்கும் என்று ஏனோ அவளுக்குத் தெரிந்தது.

முதலில் வந்தது கோபம். தெருவில் இறங்கி, கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, நாலு வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தலாம் என்று எழுந்தாள். ஊர்ச் சட்டம் என்ன, ஊரே போகட்டும். உப்பு மாற்றக் கூப்பிடாத ஒவ்வொரு கல்யாணமும் வரிசையாக நினைவுக்கு வந்தது. கதவைத் திறந்தபோது, அவர் குதிக்கவில்லை என்பது அப்போதுதான் உள்ளே இறங்கியது. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். குதிக்கவில்லை. பொழுதோடு வருகிறேன் என்று சொன்னவர் எதற்குக் குதிப்பார்? பூசணம் பிடித்த வடுவை அவர் வேப்பமர நிழலுக்குப் போவதற்குள்ளேயே மறந்திருப்பார், அந்த மனுசனுக்கு எதுதான் ஞாபகம் இருந்தது. சந்தோஷமாக இருந்தது, அதிலேயே கொஞ்சம் ரோசமாகவும் இருந்தது.

முகத்தைக்கூடக் கழுவாமல் கிழக்குத் தெருவுக்கு நடந்தாள். வேகமாக நடந்ததில் வேலி முள் தோளில் இழுத்தது. உச்சிவெயில், தெருவில் நாய்கூட இல்லை. ஆறுச்சாமி மட்டும் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார், நாச்சம்மாள் நாத்தனார் வீட்டுப்பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டார். இன்றைக்கு ஒரு கொலை விழும் என்று நினைத்தாராம்.

அவள் படலுக்கு வெளியே நின்றாள். போகும்போது கையில் ஆயிரம் சொல் வைத்திருந்தாள். மயிலாத்தாள் கதவுக்குள் நின்று, யார் என்று பார்த்து, அடிக்க வருகிறவளைப் பார்ப்பதுபோல முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மெலிந்துபோயிருந்தாள். நாலு வருஷமாக அந்தப் பக்கம் திரும்பாததால் நாச்சம்மாளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. கழுத்து எலும்பு தெரிந்தது. ராத்திரி தூங்குகிறவள் முகமாக அது இல்லை.

நாச்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"அம்மிணி, சித்தெ தண்ணி குடு."

மயிலாத்தாள் அந்தச் சொல்லைக் கேட்டாள், பிறகு சொன்ன வாயைப் பார்த்தாள், வாய்க்குள் ஊதா நாக்கைப் பார்த்தாள். முள்ளிவலசில் ஊதா நாக்குக்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. உள்ளே போய்ச் சொம்பை முக்கிக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் பாதித் தண்ணீர் வாசலிலேயே கொட்டியது.

"நங்கை..." என்று அண்ணியை முறை சொல்லிக் கூப்பிட்டுச் சொம்பை நீட்டினாள்.

நாச்சம்மாள் சொம்பை வாங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள், கழுத்து வழியாக ரவிக்கையெல்லாம் நனைந்தது. குடித்துவிட்டுச் சொம்பை நீட்டினாள்.

"இது எனக்கு. அவருக்கு ஒரு சொம்பு கொண்டா அம்மிணி."

மயிலாத்தாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, கதவுக்குப் பின்னால் இருந்த குடத்தையே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.